ரெஸ்டோர் செய்த பழைய ஃபியட் வாங்கப் போகிறீர்களா? பெயிண்ட்டைக் கடைசியில் பாருங்கள்

முழுதாக ரெஸ்டோர் செய்த ஃபியட் 1100 ஒன்று விற்பனைக்கு வந்தால், நல்ல வெயிலில் எடுத்த பத்துப் பன்னிரண்டு போட்டோக்களும் கூடவே வரும். இரண்டு வண்ணப் பெயிண்ட், மின்னும் குரோம் பம்பர், புது சீட் கவர். முதல்முறை பழைய கார் வாங்குபவர் இதில் மயங்கி விலையைக் கேட்பார், விலை ஒத்துவந்தால் போய் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பார், அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் ஆர்சி புக்கை வாங்கிப் புரட்டுவார். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். முதலில் காகிதம், அடுத்து தகரம், அப்புறம் இன்ஜின், கடைசியில்தான் பெயிண்ட்.

ஏன் என்றால் இன்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் அதைச் சரிசெய்ய இன்னும் நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள், சாமானும் கிடைக்கிறது. பெயிண்ட் பிடிக்கவில்லையென்றால் காசு சேர்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே துருவேறிய பாடி கார் விலைக்கு மேல் பணத்தை இழுக்கும், ஆர்சி சரியில்லாத காரையோ ரோட்டிலேயே இறக்க முடியாது.

இந்தக் கட்டுரையை ஃபியட்டை வைத்தே சொல்கிறேன். தமிழ்நாட்டில் டாக்டர் வீடு, வக்கீல் வீடு என்று ஒரு காலத்தில் நிறைந்திருந்த கார் இது, புதியவர்கள் தொடங்க இதைவிட நல்ல கார் இல்லை என்பது என் எண்ணம். அம்பாசிடருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், எந்த ஃபியட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த கார்கள்தாம் இவை. ஐம்பதுகளில் வந்த 1100-இன் பழைய வடிவத்தை இன்றும் டுக்கர் என்று அழைப்பார்கள். பிறகு செலக்ட், சூப்பர் செலக்ட் வந்தன, இவற்றில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும், கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். 1964 வாக்கில் 1100டி வந்தது, டிலைட் என்ற பெயரில் பலருக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபியட்டோடு இருந்த ஒப்பந்தம் முடிந்ததும் அதே காருக்குப் பிரீமியர் பிரசிடென்ட் என்று பெயர் வைத்தார்கள், 1974 முதல் பத்மினி. இத்தனை பெயர் மாறியும் உள்ளே இருந்தது 1089 சிசி நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தான். கியர் லீவர் ஸ்டியரிங் பக்கத்தில்.

விளம்பரத்தில் எல்லாமே 'ஃபியட் 1100' என்றுதான் வரும். எண்பதுகளின் பத்மினிக்குப் பழைய கிரில்லும் பேட்ஜும் மாட்டி அறுபதுகளின் கார் என்று சொன்னாலும் புதியவருக்குத் தெரியாது. அதனால் போவதற்கு முன் அந்த வருட மாடலின் அசல் போட்டோக்களைத் தேடி, கிரில், டெயில் லேம்ப், டேஷ்போர்டு மீட்டர், கதவுக் கைப்பிடி இந்த நான்கையும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குச் சட்டத்திலும் வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

காகிதம்

காரை நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே ஆர்சியின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறார் என்றால் அந்தப் பயணமே வேண்டாம்.

பார்க்க வேண்டியது, ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்பது. பழைய கார்களில் இதுதான் பெரிய சிக்கல். தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும், பேரன்களில் ஒருவர் விற்றுக்கொண்டிருப்பார், அல்லது அவரிடமிருந்து வாங்கி ரெஸ்டோர் செய்த கேரேஜ்காரர் தன் பெயருக்கு மாற்றாமலே விற்பார். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்த்து ஃபார்ம் 31 போட்டு முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் உங்கள் பெயருக்கு வரும். 'அதெல்லாம் நானே பார்த்து முடித்துத் தருகிறேன்' என்றால், சரி, முடித்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். பணம் வாங்கிய பின் வாரிசுகளின் கையெழுத்துக்காக நீங்கள்தான் வீடு வீடாக அலைய வேண்டி வரும்.

அடுத்து பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம், அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி (வாகனத் தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஷெட்டில் தூங்கிக் கிடந்த கார் என்றால் பல வருடம் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், அபராதம், பசுமை வரி என்று பாக்கி சேர்ந்திருக்கும். காரின் பதிவு எண்ணை அரசின் 'வாகன்' இணையதளத்திலோ 'எம்பரிவாகன்' செயலியிலோ போட்டுப் பாருங்கள். பழைய காகித ஆர்சிகள் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை, அப்படியானால் அந்த ஆர்டிஓ அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து ஏற்ற வேண்டும். இது நடக்கக்கூடிய வேலைதான், ஆனால் விற்பவர் செய்து முடிக்க வேண்டிய வேலை.

வெளிமாநிலக் கார் என்றால் ஃபார்ம் 28-இல் என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் ஆட்சேபமில்லாச் சான்று) வேண்டும். இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதால் தமிழ்நாட்டு எண் எடுக்க வேண்டியிருக்கும். அதாவது பம்பாயில் அறுபதுகளில் வாங்கிய அந்த அழகான பழைய எண் போய்விடும். எண்ணுக்காகவே விலை ஏற்றிச் சொல்கிறார்கள் என்றால் இதை யோசியுங்கள். நம் ஊரில் பிறந்து நம் ஊரிலேயே இருந்த கார் என்றால் எம்எஸ், எம்டி, டிஎம் என்று தொடங்கும் பழைய எண் அப்படியே இருக்கும், அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. எம்.ஜி.ஆரின் அம்பாசிடரை இன்றும் 4777 என்ற எண்ணால்தானே நினைவு வைத்திருக்கிறோம்.

இப்போது வருடத்தின் கதை. 2021-இல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த கார், அசல் வடிவில் இருந்தால், விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அந்த விதியில் இருக்கிறது, பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவில் உள்ள காருக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: விண்டேஜ் பதிவில் இருக்கும் காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, இப்படித்தான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு மகாபலிபுரம் வரை போய்வர வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது.

நேரில் போனதும் பானெட்டைத் திறந்து, தகரத்தில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் பிளாக்கில் உள்ள எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள், ஆர்டிஓவிலும் இதைத்தான் கேட்பார்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடயமோ, அந்த இடத்தில் மட்டும் தடிமனான பெயிண்ட்டோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜின் எண் மட்டும் மாறியிருப்பது பழைய கார்களில் சகஜம், ஆனால் அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். நிறம் மாற்றியிருந்தாலும் அப்படியே.

தகரம்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஃபியட்டுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். அதனால் அடித்தகரம் அரித்திருந்தால் அழகு மட்டும் போகாது, காரின் பலமே போகும். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நேர்மாறு, தனிச் சேசிஸ் மேல் பாடி உட்கார்ந்திருக்கும், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மழை நாளிலோ மாலை மங்கிய பிறகோ கார் பார்க்கப் போகாதீர்கள். காலை வெயிலில், ஒரு டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய போர்வை, முடிந்தால் பழைய கார் வேலை தெரிந்த ஒரு டிங்கர் (பாடித் தகர வேலை செய்பவர்) என்று போங்கள். மெக்கானிக்கை விட டிங்கரைக் கூட்டிப் போவதே மேல்.

காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவுகள், ஹெட்லைட்டைச் சுற்றி, டிக்கியின் கீழ் விளிம்பு என்று வைத்து வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி. பட்டி கொஞ்சம் இருப்பது தப்பில்லை, அறுபது வருடக் காரில் அது இல்லாமல் மேல்பரப்பு சமமாக வராது. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி இருந்தால், வெட்டி எறிய வேண்டிய தகரத்தை வெட்டாமல் மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறு மாதம், ஒரு மழைக்காலம், அங்கே கொப்புளம் வரும்.

அப்புறம் காரின் தரையில் விரித்திருக்கும் மேட்டைத் (மேட்) தூக்கிப் பாருங்கள். டிரைவர் கால் வைக்கும் இடம், முன்சீட்டின் கீழ், பின்சீட்டை எடுத்துவிட்டு அதன் அடி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பேட்டரி உட்காரும் தட்டு. பேட்டரி ஆசிட் சிந்திச் சிந்தி அந்த இடம் அரிக்காத பழைய கார் அபூர்வம். தரையில் புதுத் தகரம் வைத்திருந்தால் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பழையதை முழுதாக வெட்டி எடுத்து விளிம்போடு விளிம்பு வெல்டிங் செய்ததா, அல்லது துருவின் மேலேயே ஒரு தகரத்தைப் போட்டு நாலு புள்ளி வெல்டிங் வைத்ததா? இரண்டாவது என்றால் நடுவில் தண்ணீர் நின்று இரண்டையும் சேர்த்துத் தின்னும்.

கீழே படுத்துப் பாருங்கள். அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். நல்ல தகரத்தைக் காக்கவும் அதை அடிப்பார்கள், கெட்ட தகரத்தை மறைக்கவும் அதையே அடிப்பார்கள். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், கெட்டித் தகரத்தின் சத்தமும் உளுத்த தகரத்தின் சத்தமும் வேறு வேறு, இரண்டு மூன்று இடம் தட்டினால் காது பழகிவிடும்.

இன்னொரு சோதனை, விற்பவர் சம்மதித்தால் மட்டும். ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துச் சக்கரம் சற்றே தரையை விட்டுக் கிளம்பும் அளவுக்குத் தூக்குங்கள். வெளியே நின்றபடியே அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவுக்கடியில் நீளமாக ஓடும் தகரப்பெட்டி பலமாக இருந்தால் கதவு எப்போதும்போல மூடும். இடிக்கிறது, இடுக்குகிறது, கீழே ஜாக்கி வைத்த இடமே நசுங்குகிறது என்றால் அந்தப் பாடி தன் எடையைத் தாங்கவே கஷ்டப்படுகிறது. ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் மட்டும் எக்காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

சென்னைக் கார் என்றால் வெள்ளத்தையும் மனதில் வையுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பல நல்ல கார்கள் மூழ்கின. சீட் ஸ்பிரிங்குகளில் ஒரே மட்டத்தில் துரு, கதவு உள்பக்க அட்டைக்குப் பின்னால் காய்ந்த வண்டல், ஹெட்லைட்டுக்குள் மண் கோடு, இவை காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, ரெஸ்டோர் செய்தபோது எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். பெயிண்ட் முழுக்க உரித்து வெறும் தகரமாக நின்ற நிலை, வெட்டிய இடம், புதிதாக வைத்த இடம், பிரைமர் அடித்த நிலை. மனசாரச் செய்தவர் இதை உங்களுக்கு முன்னால் அவரே எடுத்துக் காட்டுவார், போதும் என்று நீங்கள் சொன்னாலும் விடமாட்டார். மாசக்கணக்கில் செய்த வேலைக்கு ஒரு போட்டோகூட இல்லை என்பவரிடம் நீங்கள் கொடுக்கப்போவது மேல்பூச்சின் விலை மட்டும்தான், அதற்குத் தகுந்தபடி பேசுங்கள்.

இன்ஜினும் ஓட்டமும்

நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜின் சோக் இழுத்து எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கோ வால்வோ பார்க்க வேண்டும். சூடான பிறகும் விடாமல் வெள்ளைப்புகை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். கறுப்பு என்றால் பெரும்பாலும் கார்புரேட்டர், அது சின்ன வேலை.

ஓட்டிப் பார்க்கும்போது ஃபியட்டுக்கென்று சில விஷயங்கள். முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓட்டத்திலும் கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, கார் முழுதாக நின்ற பிறகே போட வேண்டும், ஓட்டத்தில் போட்டுக் கரகரத்தால் அது காரின் குறை இல்லை. இரண்டாவது கியர் கரகரத்தால்தான் குறை. ஸ்டியரிங் கியர் லீவர் தொளதொளவென்று ஆடினால் லிங்க் புஷ்கள் தேய்ந்திருக்கும், செலவு குறைவு. நான்கு சக்கரமும் டிரம் பிரேக், அதனால் இன்றைய கார்போல அழுத்தியதும் நிற்காது, ஆனால் நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தாலோ, இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றாலோ வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் பார்க்க வேண்டும், அதுவரை அதை ரோட்டில் ஓட்டி வர ஒத்துக்கொள்ளாதீர்கள். முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) தேய்மானம் கைக்குத் தெரியும்.

வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. அரை மணி நேரம், கொஞ்சம் டிராஃபிக்கிலும் ஓட்டி, டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டயர் புதுசுபோல இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். ரெஸ்டோர் செய்த கார்களில் ஓடாமலே பழசான டயர்கள் நிறைய.

வயரிங்கை டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அசல் வயரிங்கில் நடுவே வெட்டி எல்இடி, இரட்டை ஹாரன், மியூசிக் சிஸ்டம் என்று சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் முழு வயரிங்கையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

அசல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது

ஓட்டத்தான் வேண்டும் என்றால் இது பெரிதில்லை. சேகரிக்க வாங்குகிறீர்கள் என்றால் இதுதான் விலை. ஒரு காலத்தில் ஃபியட்டிலும் அம்பாசிடரிலும் டீசல் இன்ஜின் மாற்றுவது, கியரைத் தரைக்குக் கொண்டுவருவது, நீளமான முன்சீட்டை எடுத்துவிட்டுத் தனித்தனிச் சீட் போடுவது எல்லாம் வழக்கமாக நடந்தது. அப்படி மாற்றிய காரை விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோவது கஷ்டம், பின்னால் விற்பதும் கஷ்டம்.

புதியவர்கள் கவனிக்காதது இது: இன்ஜின் சாமான் கிடைக்கும், அலங்காரச் சாமான் கிடைக்காது. பம்பாயில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் வரை ஓடின, அதனால் ரிங், கேஸ்கெட், பிரேக் கிட் எல்லாம் இன்னும் கடைகளில் உண்டு. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் கியர்பாக்ஸே கிடைக்கும். ஆனால் சூப்பர் செலக்ட்டின் அசல் கிரில், டெயில் லேம்ப் கண்ணாடி, மீட்டர், கதவோரத்தில் ஓடும் அந்த மெல்லிய குரோம் பட்டை, வீல் கப் இவற்றில் ஒன்று இல்லையென்றால் வருடக்கணக்கில் தேட வேண்டி வரலாம். எனவே பெயிண்ட் மங்கலாக, ஆனால் இந்தச் சில்லறைச் சாமான் எல்லாம் முழுதாக உள்ள கார் ஒன்றும், பெயிண்ட் ஜொலித்து சாமான் பாதி இல்லாத கார் ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால், யோசிக்காமல் முதலாவதை எடுங்கள். கண்ணுக்கு நிறைய நல்ல கார் பார்த்துப் பழக வேண்டும் என்றால் கோயம்புத்தூரில் ஜிடி கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்காரர்கள் காட்சிக்குக் கார்களைக் கொண்டுவரும் நாளில் போனால் இன்னும் நல்லது, உரிமையாளர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

பணம்

இவ்வளவும் பார்த்துப் பிடித்துவிட்டதா, அப்போதுதான் விலை. ரெஸ்டோரேஷனுக்கு இவ்வளவு செலவானது என்று பில்லைக் காட்டுவார்கள். அந்தச் செலவு நிஜமாகவே ஆகியிருக்கும், பாவம், பல பேருக்கு அது திரும்பி வருவதில்லை. ஆனால் நீங்கள் விலை பேச வேண்டியது நிற்கும் காருக்கு. டயர், வயரிங், பிரேக், காணாமல்போன சாமான் என்று நீங்கள் குறித்து வைத்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பேசுங்கள், மரியாதையாக. ஆசையாகச் செய்த காரைப் பார்த்து ஓட்டை உடைசல் என்று பேசுபவருக்கு யாரும் விலை குறைக்க மாட்டார்கள்.

சிறிய டோக்கன் மட்டும் கொடுத்து, என்னென்ன காகிதம் எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் டோக்கன் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதிப் பணம் வங்கி வழியாக, அதுவும் ஆர்சியில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் அவர் கையெழுத்து உங்கள் கண்முன் விழ வேண்டும். காரை ஒப்படைக்கும் தேதியும் நேரமும் எழுதிய ஒரு டெலிவரி கடிதம் இரண்டு பக்கமும் கையெழுத்தோடு இருக்கட்டும். இன்ஷூரன்ஸில் இப்படிப்பட்ட பழைய மாடல்களுக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் வழக்கம், எனவே போட்டோக்களும் பில்களும் கொடுத்து நியாயமான மதிப்பைப் போடச் சொல்லுங்கள், பேசாமல் விட்டால் அவர்கள் மிகக் குறைவாகப் போட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

வெளியூரில் வாங்கினால் ஓட்டிக்கொண்டு வராமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். வந்ததும் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள், முன்பக்கத்துக் கிரீஸ் நிப்பிள்கள் அத்தனைக்கும் கிரீஸ் அடியுங்கள். இப்போது பங்க்கில் வரும் இ20 பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பர்க் குழாய்களை அது இளக்கிவிடும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். பல மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

நிற்கும் இடத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷத்தில் அணைப்பதால் பேட்டரிக்கும் நல்லதில்லை, சைலன்ஸருக்கும் நல்லதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிஷம், இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள், காற்றுப் போகாத பிளாஸ்டிக் கவருக்குப் பதில் துணிக் கவர் போடுங்கள், எலி வராமல் பானெட்டை மாதம் இருமுறையாவது திறந்து பாருங்கள். முதல் மழைக்குப் பிறகு மேட்டைத் தூக்கி, டிரைவர் கால் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பெரும்பாலும் முன்கண்ணாடி பீடிங் ரப்பர்தான், அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.